வேலிக்கு மேல் வீசிய புழுக்கள்

கேளுங்கள். மலைகளுக்கு இன்னும் யாரும் பேர் வைக்காத காலத்தில், குன்றையூரை ஓர் அரசி ஆண்டாள். ஒரு கோடையில் வாய்க்கால் சுருங்கிப் போயிற்று. ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் மடை திறக்க முடியும்.

"எந்தத் தோட்டத்தில் பட்டாம்பூச்சி பிறக்கிறதோ, அங்கே திறப்போம். நானே வந்து பார்க்கிறேன்" என்றாள் அரசி.

வைரவனின் தோட்டத்தில் செவ்வந்தி வாடிக் கிடந்தது. தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் கருகும். ஆனால் அவன் கண் செடியில் இல்லை, வேலியில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பங்காளி மாயாண்டியின் தோட்டம். பாகம் பிரித்தபோது மாமரம் மாயாண்டி பக்கம் போய்விட்டது. அன்று முதல் மாயாண்டி இருமினாலும் வைரவன் அதற்கு ஒரு காரணம் தேடுவான்.

முதலில் வேலியோரம் எருக்கு முளைத்தது. எருக்கு முளைத்தால் வீடு பாழாகும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு.

"விதை போட்டுட்டான்" என்றான் வைரவன்.

"எருக்கம் பஞ்சு காத்துல பறந்து வரும். அதுக்கு ஒரு ஆள் வேணுமாக்கும்" என்றாள் மனைவி பூவாயி.

"நீ அவன் பக்கமா?" என்று கேட்டவன், செடியைப் பிடுங்கி வேலிக்கு மேல் வீசினான். மாயாண்டி அதை எடுத்து நட்டுக்கொண்டான்.

மண்ணில் தங்கிய வேர் மறுபடி துளிர்த்தது. துளிரெல்லாம் வரிபோட்ட புழுக்கள்.

"புழுவை ஏவிட்டான்" என்று முறத்தில் தட்டி, வேலிக்கு மேல் வீசினான்.

"அண்ணே, இன்னும் இருந்தா குடுங்க" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. வைரவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேட்டு வாங்குகிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது.

பிறகு வேலிக் குச்சிகளில் பச்சைக் கூடுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பொன்னைப் போல மின்னும் பொட்டுகள்.

"தாயத்து. செய்வினையே வச்சுட்டான்." தொடப் பயந்து, குச்சியோடு வெட்டி வேலிக்கு மேல் வீசினான்.

அரசி வந்த காலையில் மாயாண்டியின் எருக்கஞ்செடியைச் சுற்றி ஆரஞ்சுச் சிறகுகள் மொய்த்தன. ஊரே வேலியோரம் நின்றது.

"இதெல்லாம் அண்ணன் குடுத்தது, தாயே" என்றான் மாயாண்டி. "செடி குடுத்தார், புழு குடுத்தார், கூடு குடுத்தார். தண்ணியில பாதி அவருக்குப் போகணும்."

வைரவனுக்குச் சந்தேகம் தட்டியது. பங்காளி வாயிலிருந்து நல்ல வார்த்தையா? எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறான்.

"நான் ஒண்ணும் குடுக்கலை" என்றான்.

"செடி கொடுத்தாயா?" என்று அரசி கேட்டாள். "இல்லை." "புழு?" "இல்லை." பூவாயி அவன் முதுகில் கிள்ளினாள். "கூடு?" "சத்தியமா இல்லை, தாயே. அவன் பொய் சொல்றான்."

அரசி கையைக் காட்டினாள். மடை திறந்தது. தண்ணீர் வைரவனின் வேலியை ஒட்டியே ஓடி, மாயாண்டியின் தோட்டத்துக்குள் திரும்பியது.

பிள்ளைகளே, எதிலும் சூழ்ச்சியையே தேடுகிறவன், தன்னைத் தேடி வரும் நன்மையையும் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.