ஆறு திரைக்கு ஒரு வட்டம்

ஒரு வட்டம் இருந்தது. திரையில் படம் வராதபோது நடுவில் வந்து நின்று சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த வட்டம்தான். உங்களுக்கும் அதைத் தெரியும். நீங்களும் அதைத் திட்டியிருப்பீர்கள்.

உண்மையில் அது ஒரு தப்பும் அறியாதது. படம் வந்து சேரும்வரை ஆட்களை எழுந்து போகவிடாமல் உட்காரவைப்பதுதான் அதன் வேலை. பந்தியில் இடம் காலியாகும்வரை வாசலிலேயே பேச்சுக்கொடுத்து நிறுத்திவைக்கிற கல்யாண வீட்டுக்காரரைப் போல. ஆனால் படத்தை மறைத்துக்கொண்டு நிற்பதே அதுதான் என்று ஊர் முழுக்க ஒரு பேச்சு.

அன்று காலை அது கோவில்பட்டியில் கோமதிநாயகம் வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்தது. டிவிக்கு எதிரே அவருடைய மனைவி செண்பகவல்லி, மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் அவள் தம்பி முருகபூபதிக்குக் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் அவள் மணமேடையில் நின்றிருப்பாள்.

சும்மா நிற்கிற இடமும் இல்லை அது. அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான்; மிச்ச இரண்டையும் அவன் அக்காள் போட வேண்டும். அம்மா போனபிறகு தம்பிக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் செண்பகவல்லி. இன்று அந்த இரண்டு முடிச்சையும் சித்தப்பா மகள் போடப்போகிறாள். டாக்டர் பயணம் கூடாது என்று சொன்ன அன்று அவள் அழவில்லை. கடையில் ஒரு முழம் நூல் வாங்கிவரச் சொல்லி, மஞ்சள் தடவிக் காயவைத்து, இப்போது மடியில் வைத்திருந்தாள். அங்கே முடிச்சு விழுவதைப் பார்த்து இங்கே தானும் இரண்டு முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

மண்டபத்திலிருந்து நேரலை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகத் தாலித் தட்டு முதல் வரிசைக்குக் கிளம்பியது. அந்த இடத்தில், மாப்பிள்ளை ஓமப் புகையில் ஒரு கண்ணை மூடியபடி, படம் நின்றுவிட்டது. வட்டம் வந்து சுற்றத் தொடங்கியது.

"வந்துட்டான் பாருங்க, சனியன்" என்றாள் செண்பகவல்லி. "என்னங்க, தட்டு சுத்துக்குப் போயிருச்சு. திரும்பி வந்தா தாலிதான்."

கோமதிநாயகம் பதறாத மனிதர். டிவியை அணைத்துப் போட்டார். அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மனதுக்குள் இருபது எண்ணி, திரும்பச் சொருகினார். பெட்டி தூங்கி எழுந்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டு, நிதானத்துக்கு வர இரண்டு நிமிடம் ஆயிற்று. படம் வரவில்லை. அதே வட்டம்தான் வந்தது.

இதற்குள் சாமான்களுக்குள் சண்டை மூண்டிருந்தது. டிவி பெட்டியைக் குறை சொன்னது. பெட்டி, வாசல் வழியாக வருகிற கம்பியைக் கை காட்டியது. கம்பி, தான் வழக்கமாகக் கொண்டுவருவதைத்தான் இன்றும் கொண்டுவருவதாகவும் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றித் தன்னிடம் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து வட்டத்தின் மேல் பாய்ந்தார்கள்.

வட்டத்துக்குச் சங்கதி தெரியும். ஏனென்றால் அந்த வேளையில் அது ஒரு திரையில் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஒரே வீட்டுக்குள் ஆறு திரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாம் கோமதிநாயகத்தின் வேலை. நிச்சயதார்த்தத்தை நேரலையில் முந்நூறு பேர் பார்த்ததாகப் பெண் வீட்டார் பெருமை அடித்திருந்தார்கள். கல்யாணத்தில் அதை மிஞ்சிக் காட்டுவது மாப்பிள்ளை வீட்டுக் கௌரவம் என்று குடும்பக் குழுவில் பேச்சு ஓடியது. அவர் நம்ம வீட்டிலிருந்தே ஆறு என்று வாக்குக் கொடுத்து, டிவி, தன் போன், மனைவியின் போன், பழைய போன், மகளின் டேப், தட்டு கிளம்பும்போது கடைசியாக லேப்டாப் என்று அத்தனையிலும் கல்யாணத்தைத் திறந்து, டிவி தவிர மற்றவற்றின் சத்தத்தை அடக்கி, ஆளுக்கொரு மூலையில் வைத்திருந்தார்.

வட்டம் வைஃபை பெட்டியிடம் போயிற்று.

"அண்ணாச்சி, டிவிக்குக் கொஞ்சம் கூடக் குடுங்க."

"ஆறு பேர் கையை நீட்டினா ஆறாத்தான் பிரிப்பேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றது பெட்டி.

அதன் நியாயத்திலும் பிசகில்லை. வட்டம் ஒவ்வொரு திரையாகப் போய், கொஞ்சம் விலகிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியது. ஒருவரும் அசையவில்லை. தான் பார்க்காவிட்டால் கல்யாணமே நடக்காது என்கிற மாதிரி டேப் பேசியது. திரையின் மூலையில் குந்தியிருந்த பார்ப்போர் எண்ணிக்கைக்கு வந்ததே கோபம். இருநூற்றுப் பதினாலை எட்டுவதற்குத் தான் பட்ட பாட்டைச் சொல்லி, ஒரு ஆள் குறைந்தாலும் மாப்பிள்ளை வீட்டு மானம் போய்விடும் என்று கத்தியது.

ஹாலில் செண்பகவல்லி மடியிலிருந்த நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கண் வட்டத்தின் மேலேயே இருந்தது. அவள் இப்போது திட்டவில்லை. உதடு மட்டும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கிய வட்டத்துக்கு இதைத் தாங்க முடியவில்லை.

அது மறுபடியும் டேப்பிடம் ஓடியது. இந்தத் தடவை கெஞ்சவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"உன் முன்னால யாரு உக்காந்திருக்கா?"

டேப் சமையலறை மேடையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே பார்த்தது.

"அரிசி டிரம்" என்றது.

நாலு சதவீதச் சார்ஜை வைத்துக்கொண்டு எதற்கு வீராப்பு என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு அணைந்துபோயிற்று.

பீரோ மேல் மல்லாந்து கிடந்த பழைய போன், தன் எதிரே மின்விசிறி மட்டும் ஓடுவதை அப்போதுதான் கவனித்தது. காலையிலிருந்து சூடேறிக் கிடந்த உடம்பு அதற்கு. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. செண்பகவல்லியின் போன் தலையணைக்கு அடியில் இருந்தது. அதனிடம் கேள்வியே தேவைப்படவில்லை; தானே ஒதுங்கிக்கொண்டது. லேப்டாப்தான் கொஞ்சம் படுத்தியது. தானும் தியாகம் செய்வதாகச் சொல்லி, இந்த ஓய்வில் ஒரு பெரிய அப்டேட்டை இறக்கிக்கொள்ளவா என்று கேட்டது. ஒன்றும் இறக்காமல் கண்ணை மூடினாலே போதும் என்று சொல்லி வட்டம் அதைத் தூங்கவைத்தது.

கோமதிநாயகத்தின் போனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் அதைக் கையில் பிடித்து, நேரலையை நிமிடத்துக்கு மூன்று தடவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஆகவே மிச்சம் இருந்தது டிவி. கொஞ்சம் தெளிவைக் குறைத்துக்கொண்டு படத்தை வாங்கச் சொன்னது வட்டம்.

"நாப்பத்தி மூணு இஞ்சு நான். கலங்கலாக் காட்டினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றது டிவி.

"நாலு பேரு இல்ல. ஒரே ஒருத்திதான் பாக்கா."

டிவி எதிரே பார்த்தது. செண்பகவல்லி நூலின் இரண்டு நுனியையும் பிடித்தபடி காத்திருந்தாள். டிவி தெளிவில் ஒரு படி இறங்கியது. இன்னும் ஒரு படியும் இறங்கியது.

எங்கிருந்தோ கெட்டிமேளம் வந்தது. முதலில் சத்தம், பின்னாலேயே படம். பட்டின் கரை கலங்கியிருந்தது, ஓமப் புகையும் ஐயரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். ஆனால் முருகபூபதியின் கை பெண்ணின் கழுத்துக்குப் போவது தெரிந்தது. எண்ணிக்கை இருநூற்றுப் பத்துக்கு இறங்கி மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. வட்டம் அதைப் பார்க்கவில்லை. படம் வந்துவிட்டால் அங்கே நிற்க அதற்கு அனுமதி கிடையாது. அது போய்விட்டது.

சாயங்காலம் கோமதிநாயகம் தாலி கட்டியதை இன்னொரு தடவை போட்டார். பெட்டியைத் தான் அணைத்துப் போட்டதால்தான் காலையில் படம் வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். படம் வரும்வரை கிடைத்த இரண்டு நொடியில் வட்டம் எட்டிப் பார்த்தது.

"தாலி கட்டினது எப்படி இருந்துச்சு?" என்று டிவியிடம் கேட்டது.

"எனக்கெங்க தெரியும்? என் மொகம் செண்பகவல்லி பக்கம்லா இருக்கு" என்றது டிவி. "ரெண்டு முடிச்சும் நிதானமாப் போட்டா. போட்டு முடிச்சப்புறம்தான் அழுதா."

வட்டம் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

"தம்பிகூடப் போன்ல பேசினா. முழுசாப் பார்த்தேன்டா, படம் ஒரு இடத்துலகூட நிக்கலைன்னு சொன்னா."

தன்னைப் பற்றி யாரும் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான் என்று வட்டம் நினைத்துக்கொண்டது. அதற்குள் படம் வந்துவிட்டது. அது எழுந்து போயிற்று.