தயாளன் இழுத்துப் போட்ட கிளை

குரு சௌந்தரவல்லி தயாளனைவிட வயதில் சிறியவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மாடியில் தியானம் சொல்லிக்கொடுத்தார். தலை நரைத்த தயாளன் அவரை அம்மா என்பார். அவரோ தயாளனை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் சிரிப்பு வரும். பெயிண்ட் கடை நடத்தும் தயாளன் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

ஒரு நாள் தயாளன் ஒரு கேள்வியோடு வந்தார்.

கணவரை இழந்த அவருடைய தங்கை மணிமொழி, தன் ஒரே மகனோடு அவர் வீட்டில்தான் இருந்தாள். ஆடி மாதம் அந்தப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. தட்டைக் கையில் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். இப்படியே போனால் அவளையும் இழந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"அவளுக்கு வலிக்கிற மாதிரி எதையும் கண்ணுல படவிடலை அம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இன்னும் எதை எடுக்கணும்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நொச்சியாற்றுக்குப் போகலாம், சைக்கிள் ஓட்டுவீர்கள்தானே என்று மட்டும் குரு கேட்டார்.

நொச்சியாறு என்றால் தயாளனுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் வாய்க்கால். வெள்ளத்துக்குப் பயந்து ஒரு காலத்தில் அதன் வளைவுகளை நிமிர்த்தி, பாறைகளை அள்ளி, கோரையை வெட்டி, இரண்டு கரையிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வெள்ளமும் நிற்கவில்லை, ஆறும் செத்துப்போனது. பிறகு யாருக்கோ நல்ல புத்தி வந்து, கான்கிரீட்டைப் பெயர்த்து, பாறைகளைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, ஆற்றை அதன் போக்கில் வளைய விட்டார்கள். இப்போது அங்கே நடைபாதை இருக்கிறது. வாடகைக்கு சைக்கிள் கிடைக்கிறது. கழுத்தில் பைனாகுலர் தொங்க ஆட்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். நம் ஊர் ஆட்களா இப்படி என்று தயாளன் அசந்துபோனார்.

இருவரும் சைக்கிள் எடுத்தார்கள். குரு வேகமாகப் போனார். ஆனால் மீன்கொத்தியைக் கண்டால் இறங்கினார், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்வதைக் கண்டால் இறங்கினார். அதனால் தயாளனால் மூச்சு வாங்கியபடியாவது கூடவே வர முடிந்தது. ஓரிடத்தில் ஒரு குடும்பம் நீர்நாய் தெரிகிறது என்று கை காட்டியது. தயாளன் எட்டிப் பார்ப்பதற்குள் வால் மட்டும்தான் மிச்சம். இருந்தாலும் அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. உடனே தங்கை நினைவு வந்து, சிரித்ததற்காக வெட்கப்பட்டார்.

ஒரு வளைவில் காய்ந்த மருதக் கிளை ஒன்று பாதி தண்ணீருக்குள் கிடந்தது. சருகும் கோரையும் சேறும் அதில் சிக்கி அசிங்கமாக இருந்தன. இவ்வளவு செய்தவர்கள் இதை விட்டுவிட்டார்களே என்று தயாளனுக்குத் தாங்கவில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றார் குரு.

பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கி, கிளையை இழுத்துக் கரையில் போட்டார். கலங்கிய தண்ணீர் தெளிந்தது. அடி மணலில் வெயில் பட்டது. பளிச்சென்று இருந்தது. தயாளன் கை கழுவிக்கொண்டு திருப்தியாக நிமிர்ந்தார்.

அப்போதுதான் மீன்குஞ்சுகள் கண்ணில் பட்டன. கிளையின் நிழலில் இருந்தவை, ஒதுங்க இடமில்லாமல் வெட்டவெளியில் சுற்றிச் சுற்றி வந்தன. எதிர்க்கரையில் நின்ற கொக்கு பறந்து வந்து இறங்கியது. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தது. தயாளன் கைதட்டி விரட்டினார். அது நாலு அடி தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பசி.

குரு முதலிலேயே தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை என்று இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இன்னமும் வருத்தம்தான். குஞ்சுகள் இருந்தது ஒருவேளை அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். தயாளன் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் குற்றம் சொல்லும் பார்வை இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்.

இருவருமாகக் கிளையை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டார்கள். குரு வழுக்கி விழுந்து இடுப்புவரை நனைந்தார். கொஞ்ச நேரத்தில் மிச்சமிருந்த குஞ்சுகள் நிழலுக்குள் போய்ச் சேர்ந்தன.

துணி காயட்டும் என்று கரையில் உட்கார்ந்தார்கள்.

"வீட்டுல என்னவெல்லாம் எடுத்தீங்க அண்ணா?"

தயாளன் சொன்னார். பள்ளிக்கூடப் பையையும் சட்டைகளையும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். படத்தைப் பரணில் போட்டுவிட்டார். பையன் வளர வளரக் கதவில் பென்சிலால் உயரம் குறித்து வைத்திருந்தாள் மணிமொழி. அதன்மேல் கடையிலிருந்து கொண்டுவந்த பெயிண்டைத் தானே அடித்துவிட்டார்.

"வீட்டுக்கு வெளியே?"



"தெருவுல எல்லாரும் அவளைப் பையன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, இன்னார் அம்மான்னு. மணிமொழிங்கிற பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் வீடு வீடாப் போய், இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். அந்தப் பேரு காதுல விழுந்தா அவ உடைஞ்சுபோயிடுவா அம்மா."

"இப்ப எப்படிக் கூப்பிடுறாங்க?"

"மணிமொழின்னு."

"அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கலையா?"

தயாளன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு பேர் மணி அடித்துவிட்டுக் கடந்து போனார்கள். கண்ணீர் வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். சாவு வீட்டில் எல்லாரையும் கவனிக்க வேண்டியிருந்ததில் அவர் அழவே இல்லை.

"பையன் பேரு என்ன அண்ணா?"

வாயைத் திறந்தார். வரவில்லை. குரு காத்திருந்தார்.

"சேந்தன்."

"உங்க தங்கையை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"சேந்தன் அம்மா," என்றார் தயாளன். அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

குரு அவர் தோளில் கை வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா. அவங்க உள் அறையில இருப்பாங்க."