முதல் பொட்டு

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. அதன் மேலாளர் சங்கரலிங்கத்துக்கு எதிலும் தன் கைதான் முதலில் படவேண்டும்.

அங்கே பயிற்சிக்கு வந்தவள் செவ்வந்தி. பல்கலைக்கழகத்தில் தொழிலிடப் பாதுகாப்பும் சுற்றுச்சூழல் சுகாதாரமும் படிக்கிறாள். ஆயுத பூஜையன்று காலையில், கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ளத் தொழிலாளி முனிரத்தினத்தை இறக்கப் பார்த்தார்கள்.

"விஷவாயு இருக்கும் சார், சோதிக்காம ஆளை இறக்கக் கூடாது," என்று குறுக்கே நின்றாள்.

"புத்தகத்தை மூடி வை பாப்பா. ஆபத்தே இல்லேன்னு இவங்க எதிர்ல நீயே சொல்லு. இல்லேன்னா உன் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு வருஷப் படிப்பு போச்சு!" என்றார் மேலாளர், சுற்றி நின்ற தொழிலாளிகளைக் காட்டி.

முனிரத்தினம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். செவ்வந்தி பூஜைத் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

"சார், எல்லா மிஷினுக்கும் முதல் பொட்டு நீங்கதானே வெச்சீங்க? ஆபத்தில்லாத தொட்டியை மட்டும் ஏன் விடணும்? இறங்கி உள்சுவத்துல வெச்சிடுங்க. முனிரத்தினம் அண்ணன் முந்திக்கிட்டா முதல் மரியாதை அவருக்குல்ல போயிடும்!"

தொழிலாளிகள் கைதட்டினார்கள். மேலாளர் மிடுக்காக நடந்தார். அவர் இறங்கப் போனால் எட்டிப் பிடிக்கத் தயாராக அவளும் பின்னாலேயே போனாள். தொட்டி வாயருகே குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் துள்ளினார்.

"என்னம்மா, என்னைக் கொல்லப் பாக்கறியா? இதுக்குள்ள போனவன் திரும்பி வருவானா?"

"சாரே சொல்லிட்டாருப்பா!" என்று முனிரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டார். எல்லோரும் மேலாளரையே பார்த்தார்கள்.

"ஆளை இறக்காதீங்கடா, மோட்டார் வெச்சு உறிஞ்சுங்கடா!" என்று கத்தினார் அவர்.

செவ்வந்தி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்போ பொட்டு, சார்?"

மேலாளர் அவசரமாகப் பேனாவை எடுத்தார். "கையெழுத்து எங்கேம்மா போடணும்?"