பூசைக்கு வைத்த மாவு

கடற்கரை ஊர் ஒன்றில் சிறிய கன்னியர் மடம் இருந்தது. பூசைக்கு வேண்டிய அப்பத்தை அங்கேதான் சுடுவார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான், உப்புகூடச் சேராது.

மாவுக்குப் பொறுப்பு சிஸ்டர் பெனிட்டா. துறவுப் பயிற்சிக்குப் புதிதாக வந்தவள், ஆனால் சின்னப் பெண் அல்ல. பட்டினியைப் பார்த்து வளர்ந்தவள். எது கையில் கிடைத்தாலும் அதில் கொஞ்சம் எடுத்து டின்னில் போட்டு மூடி வைத்தால்தான் அவளுக்கு உறக்கம் வரும். மடத்தில் காலி டின் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம்.

ஒருநாள் மடத்துத் தலைவி மதர் எமரன்சியிடம் அவள் கேட்டாள்.

“மதர், இன்னைக்கு வேண்டிய உணவை இன்னைக்குத் தாரும்னு ஜெபிக்கிறோம். நாளைக்கும் சேர்த்துக் கேட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?”

“கேட்டுப் பாரேன்” என்றார் மதர்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். பெனிட்டாவுக்குச் சற்றுக் கோபம்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. புயல் வருகிறது என்றார்கள், படகுகள் எல்லாம் கரையேறின. மீன்பாடு இல்லை, பல வீடுகளில் அடுப்பும் எரியவில்லை.

மீன் விற்கும் சூசையம்மாள் நனைந்தபடி மடத்தின் கொல்லைக் கதவுக்கு வந்தாள்.

“சிஸ்டர், கொஞ்சம் மாவு இருந்தாத் தாங்க. பிள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சணும்.”

பெனிட்டா உள்ளே போய் டின்னைத் திறந்தாள். பாதிக்கு மேல் மாவு இருந்தது. ஆனால் அது பூசைக்கு வைத்த மாவு. ஆண்டவருக்கு உரியதை எடுத்து எப்படிக் கொடுப்பது? மூடிவிட்டு வெளியே வந்தாள்.

“மாவு இல்லையே அக்கா.”

சூசையம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். பெனிட்டாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் படுக்கப் போகும் முன் டின் மூடியை இன்னொரு முறை அழுத்தி வைத்தாள்.

ஒருவழியாக மழை விட்டது. சனிக்கிழமை காலை, மறுநாள் பூசைக்கு அப்பம் சுட டின்னைத் திறந்தாள். மாவு முழுக்கப் புழு நெளிந்தது. டவுனுக்குப் போய் வாங்கலாம் என்றால் பாதை இன்னும் வெள்ளத்தில் கிடந்தது.

டின்னோடு மதரிடம் போனாள்.

“ஆண்டவருக்குன்னு பத்திரமா வச்சிருந்தேன் மதர்.”

மதர் உள்ளே பார்த்தார்.

“யாரும் வந்து கேக்கலையா?”

பெனிட்டா தலை குனிந்தாள். “சூசையம்மாள் கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்.”

மதர் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் ஒரு காலிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

“எங்க போகணும் மதர்?”

“மாவு இல்லாதவங்க எங்க போவாங்க?”

“இருக்கிற வீட்டுக்கு.”

“அங்கதான்.”

ஊர் ரேஷன் கடையில் இருந்த கோதுமையை முந்தின நாள்தான் போட்டிருந்தார்கள். சூசையம்மாள் வீட்டில் மாவு அரைத்து வைத்திருந்தது. வாசலில் நின்ற பெனிட்டாவுக்குக் கிண்ணத்தை நீட்டக் கை வரவில்லை.

“அக்கா, அன்னைக்கு மாவு இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் சிஸ்டர். டின்னு மூடுற சத்தம் மழையிலயும் கேட்டுச்சு.”

“பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?”

“அழுதாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க.”

பெனிட்டா அழுதுவிட்டாள். பூசைக்கு மாவில்லாமல் போனதை அழுகையோடு சொன்னாள். சூசையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கிண்ணம் தளும்பியது.

“இவ்வளவும் எதுக்கு அக்கா? நாளைக்கு உங்களுக்கு?”

“நாளைக்குக் கடலு இருக்குல்ல. நல்லாச் சலிச்சுக்குங்க சிஸ்டர், தவிடு கெடக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை அப்பம் வழக்கத்தைவிடச் சற்றுப் பழுப்பாக இருந்தது. அந்த அப்பத்தை நற்கருணையாக வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சூசையம்மாள் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றாள். பெனிட்டா மட்டும் கோயில் கதவோரம் ஒதுங்கியிருந்தாள்.

மதர் அவளிடம் வந்தார்.

“ஏன் இங்கயே நிக்கிறே?”

“அதை வாங்க எனக்குத் தகுதியில்ல மதர்.”

“தகுதியை யாரு கேட்டா? பசிக்குதா?”

பெனிட்டா வரிசையின் கடைசியைப் பார்த்தாள்.

“பசிக்குது மதர்.”

“அப்போ போ. சூசையம்மாளுக்குப் பின்னால நில்லு.”