கிழக்கே உட்கார்ந்த சாமி

திசைக்குப் பயந்த ஒரு பெரிய மனுஷரை வேலைக்காரி மடக்கிய கதை தெரியுமா உங்களுக்கு?

அந்தக் காலத்து ஜப்பான் தலைநகரில் கனேஹிசா என்றொரு அரசவைப் பிரபு இருந்தார். தலையில் உயரத் தொப்பி, பல்லில் கறுப்புச் சாயம், தொட்டதற்கெல்லாம் சகுனம். அவர் வீட்டு வேலைக்காரி சுசு ஒருநாள் வந்து நின்றாள்.

"எசமான், அம்மா வீட்டுல விட்டிருக்கிற என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டாளாம். ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுங்களா?"

"உங்கம்மா வீடு கிழக்கேதானே? இந்த மாசம் அங்கே சாமி உட்கார்ந்திருக்கு. என் வீட்டு ஆள் யாரும் கிழக்கே போகக்கூடாது!"

அந்த நேரம் பார்த்து அரண்மனைத் தூதர் வந்தார். "பிரபுவே, உங்களுக்கு மந்திரி பதவி. நாளைக் காலையில் வந்து ஏற்றுக்கொள்ளுங்கள்."

சுசு முந்திக்கொண்டாள். "ஐயோ, எசமான் வரமாட்டாருங்க. அரண்மனை கிழக்கேல்ல இருக்கு!"

பிரபு பதறிப்போனார். "அடி பைத்தியமே! இன்னைக்கு நேரா வடக்கே போய் ஒரு வீட்டுல தங்கிட்டா, நாளைக்கு அங்கிருந்து அரண்மனைக்குத் தென்கிழக்கேதானே போவேன்? சாமி குத்தம் வராது."

"அட, இப்படி ஒரு வழி இருக்கா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

தூதர் அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிரபுவுக்கு முகம் சிவந்தது.

"சரி, நீயும் போய்த் தொலை."

சுசு நகரவில்லை.

"எசமான், உங்க மாட்டுவண்டி எப்படியும் வடக்கே போகுது. என்னையும் ஓரமா ஏத்திக்குங்களேன்."