புலிக்குத் தழை ஊட்டப் போன பிரபு

மல்லிவனம் என்றொரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. அதை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் அவருக்குத் தோன்றுவது மதியத்துக்குள் சட்டமாகிவிடும்.

ஒரு சமயம் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. வைத்தியர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஐயனார் கோயிலில் போய் நின்றார். பூசாரி காதருகே மணியடித்தார், விக்கல் நின்றுவிட்டது. உடனே உத்தரவு பறந்தது: "இனி எல்லாரும் ஐயனாரை நம்ப வேண்டும். நம்பினால் நோய் வராது, மழை வரும், நானும் பட்டாடை தருவேன். நம்பாதவர்கள் நாட்டைவிட்டுப் போகலாம்!"

பட்டு என்றதும் சபையே பக்தியில் உருகிவிட்டது. அரண்மனைச் சமையற்காரி வெள்ளையம்மாள் மட்டும் கையைப் பிசைந்தாள்.

"கும்பிடச் சொன்னா கும்பிடறேன், மகாராஜா. நம்பிக்கை வரலையே. வந்துட்டதுன்னு சாமி முன்னாலயே பொய் சொல்லவா?"

சிங்காரபூபதி என்ற பிரபு துள்ளி எழுந்தார். தன் மைத்துனனை அந்த அடுப்படியில் நுழைக்க அவர் வெகுநாளாய்த் தவித்துக்கொண்டிருந்தார். "இத்தனை லாபம் இருந்தும் நம்பாதவளை விடலாமா மகாராஜா? இன்றே துரத்துங்கள்!"

மந்திரி மாதவராயர் மெல்ல எழுந்தார். "ஒரு நாள் பொறுங்கள், மகாராஜா."

மறுநாள் சபைக்கு ஒரு கூண்டு வந்தது. உள்ளே வேடர்கள் பிடித்த புலி.

"இது ஆடு என்று நம்புகிறவருக்குப் பத்துக் கிராமம்!" என்றார் மந்திரி.

"நம்புகிறேன்! அசல் வெள்ளாடு!" என்று முந்திக்கொண்டார் சிங்காரபூபதி.

"மெத்த சந்தோஷம். இந்தத் தழையைக் கையாலேயே ஊட்டிவிடுங்கள்."

புலி ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், பிரபு தழையைப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். "நம்பிக்கை இருக்கிறது மந்திரியாரே, கால்தான் வரமாட்டேன் என்கிறது!"

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"பார்த்தீர்களா மகாராஜா? பத்துக் கிராமம் வாயைத்தான் அசைத்தது. உள்ளே இருக்கிற மனசு புலியின் பல்லைத்தான் பார்த்தது," என்றார் மந்திரி.

ராஜா முகம் சுருங்கியது. "அப்படியானால் என் விக்கல் நின்றதே, அது?"

"நின்றதற்கு நன்றி சொல்லுங்கள். நானும் தினம் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் பட்டைக் காட்டி வாங்கும் பக்தி, பட்டுக்குத்தான் பக்தி."

ராஜா உத்தரவைத் தாமே கிழித்துப் போட்டார். சிங்காரபூபதிக்கு ஒரு மாதம் அரண்மனை ஆடுகளுக்குத் தழை போடும் வேலை கிடைத்தது.

"வெள்ளையம்மா, இப்போதாவது நம்பிக்கை வந்ததா?"

"இன்னும் இல்லை, மகாராஜா. வந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "இத்தனை வருஷத்தில் இந்தச் சபையில் நான் நம்பக்கூடிய ஆள் ஒருத்தி கிடைத்தாள்!" என்றார்.