முன்னோர் இலையில் உட்கார்ந்த பெரியப்பா

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆற்றூர்ச் சீமையை மகுடேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் பரிசு கொடுத்த யானையை மத்தியானம் திருப்பிக் கேட்கிற ராஜா. அந்தச் சீமையில் வெள்ளிப்பிரம்பார் என்று பட்டம் பெற்ற குடும்பம் ஒன்று. திருவிழாவில் வெள்ளிப்பிரம்பு பிடித்து ராஜாவுக்கு முன்னால் நடக்கிற உரிமை அந்த வீட்டு மூத்த ஆணுக்கு. அவர் காலத்துக்குப் பின் அடுத்த மூத்தவருக்கு.

அந்த வீட்டுத் தலைப்பிள்ளை மாசிலாமணி மீசை அரும்பிய வயதில் கப்பலேறிப் போனவர், தலை நரைத்துத் திரும்பி வந்தார். அப்பா எப்போதோ போய்விட்டார். பட்டத்தில் இருந்த தம்பி பொன்னம்பலமும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். இனிப் பட்டம் தம்பி மகன் அழகேசனுக்கு. அழகேசன் ராஜசபையில் இருப்பவன். யாரை யார் புகழ்ந்தாலும் அவனுக்கு வயிறு எரியும்.

"யார் நீர்?" என்றான் வாசலிலேயே.

"உன் பெரியப்பா."

"என் பெரியப்பா கடலோடு போய்விட்டார். வைக்கோலில் உருவம் செய்து, கொள்ளி வைத்து, கருமாதியும் முடிந்தது. என் அப்பாதான் செய்தார்."

தம்பியா கொள்ளி வைத்தான் என்று மாசிலாமணி நினைத்தார். எந்தத் தம்பி? மழைக்காலத்தில் ஒரே கம்பளிக்குள் சுருண்டு படுத்த தம்பி. அப்பாவின் பிரம்பைத் திருடிக் கொல்லையில் ஊர்வலம் விட்டபோது, "நீ முன்னால் நட அண்ணா, நான் ராஜாவாக வருகிறேன்" என்று வேட்டி தடுக்க நடந்த தம்பி. எந்தத் துறைமுகத்தில் சோறு கண்டாலும் வடைக்கு அடம்பிடிக்கிற அவன் ஞாபகம்தான் வரும். அந்தத் தம்பி அண்ணனை வைக்கோலாகக் கொளுத்திவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டான். மாசிலாமணி இதையெல்லாம் மறக்கிற ஆள் இல்லை. நேரே சபைக்குப் போனார்.

"அரசே, கருமாதி முடிந்தவர் செத்தவர். செத்தவருக்குப் பட்டம் கிடையாது. இது நம் சீமை வழக்கம்" என்றான் அழகேசன்.

"வழக்கம் சரிதான். ஆனால் செத்தவர் இருமுகிறாரே" என்றார் ராஜா.

சபை சிரித்தது. மாசிலாமணி சிரிக்கவில்லை. ராஜா மந்திரி ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார்.

"மந்திரியாரே, வழக்கத்தை மீறாமல் இவரை உயிர்ப்பித்துக் காட்டும். முடிந்தால் என் முத்துமாலை உமக்கு. முடியாவிட்டால் இனி உமக்குச் சபையில் ஆசனம் இல்லை. நின்றுகொண்டே யோசனை சொல்லும்."

"மந்திரியார் காலில் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெய் அனுப்பி வைக்கிறேன்" என்றான் அழகேசன்.

"அனுப்பும். பட்டம் எப்போது?"

"தை அமாவாசையில். முன்னோருக்குப் படைத்து, அவர்கள் எடுத்த பிறகு நான் சாப்பிட்டுப் பிரம்பு வாங்குவேன். அரசரும் விருந்துக்கு வருகிறார்."

மந்திரி வெளியே வந்து மாசிலாமணியிடம் கேட்டார். "ஐயா, பசி தாங்குவீரா?"

"கப்பலில் வேறு என்ன கற்றேன்?"

தை அமாவாசை வந்தது. முற்றத்தில் முன்னோர் இலை. வாழைக்காய்ப் பொரியல், பிரண்டைத் துவையல், உளுந்து வடை, பாயசம். கூடத்தில் ராஜாவுக்கும் சபையோருக்கும் இலை. மந்திரி மாசிலாமணியின் கையைப் பிடித்து அழைத்துவந்து முற்றத்து இலையில் உட்கார வைத்தார்.

"இது என்ன?" என்றான் அழகேசன்.

"முன்னோர் நேரில் வரமுடியாது என்றுதான் காக்கைக்கு வைக்கிறோம். உங்கள் வீட்டு முன்னோர் நேரிலேயே வந்துவிட்டார். நீர்தானே செத்தவர் என்றீர்? அவர் எடுக்கட்டும், பிறகு நாம் சாப்பிடுவோம்."

மாசிலாமணி இலையைப் பார்த்தார். அதே வீடு, அதே துவையல் வாசனை. கை தானாக எழுந்தது. வைக்கோல் ஞாபகம் வந்தது. கை மடியில் இறங்கிவிட்டது.

பாயசத்தில் ஆடை கட்டியது. ராஜாவின் வயிறு சத்தம் போட்டது. எல்லாரும் தூணைப் பார்த்தார்கள்.

"காக்கை வராவிட்டால் கூப்பிடுவீர்கள் அல்லவா? கூப்பிடும்" என்றார் ராஜா.

அழகேசன் பட்டுத் தலைப்பாகையோடு பெரியப்பாவுக்கு முன்னால் நின்று, "கா... கா..." என்றான். நாகஸ்வரக்காரர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாசிலாமணி அசையவில்லை.

பொழுது சாய்ந்தது. ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "முன்னோர் எடுக்காமல் நீர் சாப்பிடக்கூடாது. சாப்பிடாமல் பட்டம் இல்லை. வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?"

"அரசே, இவர் முன்னோரே இல்லை" என்று வெடித்தான் அழகேசன். "வீம்பு பிடித்த கிழவர். சாகவும் இல்லை, ஒன்றும் இல்லை. நன்றாக உயிரோடு உட்கார்ந்துகொண்டு நம்மைப் பட்டினி போடுகிறார்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"கொள்ளி வைத்த குடும்பமே உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டது. வழக்கம் எங்கேயும் மீறப்படவில்லை" என்றார் மந்திரி.

ராஜா முத்துமாலையைக் கழற்றி அவர் கையில் போட்டார். "அழகேசரே, உறவுமுறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிடும். எனக்குப் பசிக்கிறது."

"பெரியப்பா, சாப்பிட வாருங்கள்."

குரல் அப்படியே பொன்னம்பலத்தின் குரல். மாசிலாமணி எழுந்து தம்பிக்கென்று வேறு இலையில் தன் கையாலேயே சோறும் வடையும் வைத்தார். காக்கை உடனே வந்து வடையைத் தூக்கியது.

"இப்போதும் வடைதானா உனக்கு" என்றார் அதனிடம்.

சாப்பாடு முடிந்து பிரம்பு அவர் கைக்கு வந்தது. திருவிழாவில் அழகேசன் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா கிளம்பும்போது கேட்டார். "உமக்குப் பிள்ளை இல்லையே, உமக்குப் பிறகு பட்டம் யாருக்கு?"

"முறைப்படி இவனுக்குத்தான். இவன் காத்திருக்கட்டும் அரசே. நான் ஒருமுறை செத்துப் பார்த்துவிட்டேன். இன்னொரு முறைக்கு அவசரம் இல்லை."

அப்படியே ரொம்ப வருஷம் பிரம்பு பிடித்து நடந்தார் என்று அந்தச் சீமையில் சொல்கிறார்கள். செருப்பைத் தூக்கியவனும் கூடவே நடந்தான்.